காசின் மறுபக்கத்தில் சோணை

அருப்புக்கோட்டைப் பெருமக்களே! திருச்சுழிச் சீமையின் உழைக்கும் உறவுகளே! நரிக்குடிக் கண்மாய்க்கரை தொடங்கி மல்லாங்கிணற்று முக்கு வரை நாற்பதாண்டுகளாக என் பேச்சுக்குக் கைதட்டிய அன்பர்களே! இம்மடல் என் மகனுக்கு எழுதியது. தனியே கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவான். ஆகவே அச்சிட்டு உங்கள் கைகளிலும் கொடுத்திருக்கிறேன். மருத்துவர்கள் என் குரல்வளையை அறுத்தெடுத்து ஓராண்டு ஆகிறது. மேடைகளை அதிரவைத்த கழுத்தில் இன்று ஓட்டை ஒன்றுதான் உண்டு. அதன் வழியே காற்று வரும், சொல் வராது. குரல் உள்ளவர் எவரேனும் இதை உரக்கப் படியுங்கள். என் முறையீடு இதுதான்: வரும் வெள்ளிக்கிழமை நடக்கவிருக்கும் தன் திருமணத்துக்காக என் மகன் வெள்ளிக்காசு அடித்து, அழைப்பிதழோடு வீடுவீடாகக் கொடுத்திருக்கிறான். ஒரு பக்கத்தில் என் தலை. மறுபக்கத்தில், கைகள் பின்னே கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஓர் ஆள். அக்காசுகளில் ஒன்றை, உண்மையிலேயே என் முன்னால் கைகட்டப்பட்டு மண்டியிட்டுக் கிடந்த ஒருவரின் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறான்.

செழியா, எதைப் பார்த்து நீ அச்சு எடுத்தாய் என்பதை நான் அறிவேன். என் இரும்புப் பெட்டியில் சிவப்புத் துணியில் முடிந்து வைத்திருக்கும் உரோமைப் பொற்காசை, நான் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் எடுத்துப் படம் பிடித்து மதுரைப் பட்டறைக்கு அனுப்பினாய். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட காசு அது. முன்பக்கத்தில் பேரரசனின் ஒருக்களித்த முகம். தலையில் வெற்றியின் அடையாளமான இலைமாலை. அதன் முடிச்சு பிடரியில் தொங்கும். பின்பக்கத்தில் போரில் தோற்ற ஒருவன், பகைவரின் படைக்கலங்களைத் தொங்கவிட்ட கம்பத்தின் அடியில், கைகள் கட்டுண்டு முழந்தாளிட்டிருப்பான். பேரரசனின் கன்னத்துக்குக் குறுக்கே, கண்ணோரத்திலிருந்து தாடை வரை, உளி இறக்கிய வெட்டு ஒன்று ஆழமாக ஓடும். அந்த வெட்டை மட்டும் நீக்கச் சொன்னாய். பேரரசன் மூக்கை எடுத்துவிட்டு என் மூக்கை ஒட்டச் சொன்னாய். அவனுடைய இலைமாலையை என் வழுக்கைத் தலையில் ஏற்றினாய். பின்பக்கத்தில் ஒரு கோட்டைக்கூட நீ மாற்றவில்லை.

ஞாயிறு காலை பேச்சியம்மாள் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். நம் கரிசல்காட்டில் ஒரு காலத்தில் பாடுபட்ட சோணையின் மகள் அவர். இன்று நரிக்குடியில் செவிலியாக வேலை பார்க்கிறார். வண்டியை நிறுத்தினார், இறங்கினார், படியேறவில்லை. கையில் நீ கொடுத்த நீலப் பெட்டி. "உள்ள வரலய்யா, டூட்டிக்கு நேரமாச்சு. இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் கழுத்து ஓட்டையைத் துணியால் மூடிக்கொண்டு, பேசுவதற்காக வைத்திருக்கும் பலகையில் எழுதினேன்: அப்பா எப்படி இருக்கிறார்? "இருக்காரு. கண்ணு ரெண்டும் போயிருச்சு. காச வெரலால தடவித்தான் பாத்தாரு. மொத ஒங்க மொகத்தத் தடவுனாரு. 'ஐயா மூக்கு அப்பிடியே இருக்கு ஆத்தா'ன்னாரு. அப்பறம் திருப்பித் தடவுனாரு. திருப்பித் திருப்பித் தடவுனாரு. 'ஏத்தா, என்னையவும் போட்ருக்காக. நா இம்புட்டு ஒல்லியாவா இருந்தேன்'னு கேட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், செழியா. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துவிட்டு, அழைப்பிதழின் உறையை என் மடியில் வைத்தார். உன் கையெழுத்து. 'காசுவெட்டி சோணை அவர்கள் குடும்பத்தார்.' நம் ஊரில் சோணைகள் இருவர். உறை மாறிப் போகாதிருக்கப் பட்டப்பெயரைப் போட்டு எழுதினாய். 'அவர்கள்' என்று மதிப்பும் சேர்த்தாய். காறித் துப்பிவிட்டு அதன்மேல் சந்தனம் தெளித்தவன் நீ. "எங்கப்பாவ ஊரே அப்பிடித்தான் கூப்புடுது" என்றார் பேச்சியம்மாள். "ரேசன் கடையில கூப்புடுறாக. நா படிக்கும்போது 'காசுவெட்டி மக'ன்னுதான் பேரு. அதெல்லாம் வாயால சொன்னது, காத்துல போயிரும். எழுதிக் குடுத்தது தம்பிதான் மொத."

மறுநாள் நீ வந்தாய். பலகையில் எழுதிக் காட்டினேன்: பின்பக்கத்தில் இருப்பவர் யார்? "அது டிசைனுப்பா. ராஜா காசுன்னா அப்பிடித்தான் இருக்கும். எடம் காலியா விட்டா நல்லாருக்காதுன்னு பட்டறைக்காரர் சொன்னாரு." நான் எழுதினேன்: சோணை அதில் தன்னைக் கண்டார். நீ என் பலகையைப் பார்த்துச் சிரித்தாய். "நல்லாத்தான் கண்டாரு. அவுக வீட்டுக்கு ஒரு வேட்டியும் ஒரு சீலையும் எடுத்துக் குடுத்துருவோம், விடுங்க. கல்யாண நேரத்துல இதப் போயிக் கெளறிக்கிட்டு... குமாரலிங்கபுரம் ரோட்டுல ஒங்க பேனர் பாத்தீகளா? பஸ்ஸுல வாரவன் போறவன் பூரா ஒங்களப் பாத்துட்டுத்தான் போறான்." பிறகு, கைபேசியைப் பார்த்தபடியே, ஒன்று சொன்னாய்: "என்னப்பா, காச வெட்டுனவருதான அவரு? நாம என்ன பொய்யாவா எழுதுனோம்?"

பொய்யாகத்தான் எழுதினாய், மகனே. அது பொய் என்று உனக்குத் தெரியாது. தெரியாதபடி வளர்த்தவன் நான். இனித் தெரிந்துகொள்.

உனக்கு அப்போது ஐந்து வயது. வைகாசி மாதம். கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழைக்கு முன்னால் கண்மாயின் கரம்பை மண்ணை வெட்டி வண்டியிலேற்றிக் காட்டில் கொட்டுவது நம் வழக்கம். அந்த வண்டல் விழுந்த நிலம் அவ்வாண்டு கூடுதலாக விளையும். சோணை மண் வெட்டிக்கொண்டிருந்தார். நடுக்கண்மாயில் அவருடைய மண்வெட்டி ஒரு மண்கலயத்தின்மேல் விழுந்து அதைப் பிளந்தது. உள்ளே பதினொரு பொற்காசுகள். அவர் தனியே இருந்தார். சுற்றிலும் வெயிலைத் தவிர வேறு எவரும் இல்லை. அவர் நினைத்திருந்தால் அன்றே குடும்பத்தோடு வேறு ஊர் போயிருக்கலாம். அவரோ காசுகளைத் தன் துண்டில் முடிந்து, வெறுங்காலோடு ஓடிவந்து என் முன்னே அவிழ்த்துக் கொட்டினார். "ஐயா, ஒங்க கண்மாய்ப் பங்குல கெடந்துச்சு" என்றார். புதையல் கிடைத்தால் ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை நான் அறியாதவன் அல்லன். சட்டம் பேசி மேடையில் மாலை வாங்கியவன். கதவைச் சாத்தினேன்.

பதினொரு காசு. பதினொன்றிலும் பேரரசனின் கன்னத்தில் வெட்டு. அதைக் கண்டதும் என் உள்ளத்தில் எழுந்த எண்ணம் ஒன்றே: இவன் பொன்னா செம்பா என்று வெட்டிப் பார்த்திருக்கிறான், வெட்டிப் பார்த்தவன் சும்மா விட்டிருக்கமாட்டான், பதினொன்று என்ன கணக்கு, பன்னிரண்டாவது எங்கே? உன் அம்மா அருகில் நின்றாள். ஒரு காசை எடுத்து ஒளியில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வெட்டுக்குள்ள கரம்பை மண்ணு கல்லாட்டம் இறுகியிருக்கே. இன்னைக்கு வெட்டுன வெட்டுல மண்ணு எப்படிங்க இறுகும்?" செழியா, கேள். அந்த மண்ணை ஊசியால் கிண்டி எடுத்தது என் கை. பதினொரு வெட்டிலிருந்தும் எடுத்தேன். சோணை திருடவில்லை என்பதற்கு இருந்த ஒரே சான்றைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளைத்துணியில் தட்டினேன். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "உள்ளே போ" என்றேன்.

மறுநாள் காலை காளி கோயில் பொட்டலில் ஊர் கூடியது. காசு என்னும் சொல்லை நான் அங்கே எடுக்கவில்லை என்றா நினைக்கிறாய்? எடுத்தேன். நம் காட்டில் கிடைத்த என் முன்னோர் காசு இரண்டை இவன் வெட்டிக் கெடுத்தான் என்றேன், எஞ்சியவற்றை மறைத்தேன். சோணையின் கைகளை மாட்டுக்கயிற்றால் பின்புறம் கட்டினார்கள். சரளைக்கல்லில் மண்டியிட வைத்தார்கள். "ஐயா, மம்பட்டி பட்டுச்சோ என்னமோ தெரியலய்யா. எடுத்தப்பவே வெட்டு இருந்துச்சு. எம்புள்ள மேல ஆணை" என்றார் அவர். நான் ஊரைப் பார்த்துக் கேட்டேன்: "மண்வெட்டி மண்ணை வெட்டும், மன்னன் கன்னத்தை மட்டும் தேடிப் பிடித்தா வெட்டும்?" ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பின் சுவை என் நாக்கில் ஏறியது. அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை பேசினேன். ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு சொல் தடுக்காமல், பிறமொழிச் சொல் ஒன்று கலக்காமல், மண்டியிட்ட ஒருவரைச் சுற்றி நடந்துகொண்டே பேசினேன். என் வாழ்நாளின் ஆகச் சிறந்த பேச்சு அதுதான். 'காசுவெட்டி' என்னும் பெயரை அந்தப் பேச்சில்தான் நான் ஆக்கினேன். சொல்லாக்கத்தில் எனக்கு இணையில்லை என்று அறிஞர்கள் பாராட்டியதுண்டு. நான் ஆக்கிய சொற்களில் இந்நாட்டு மக்கள் இன்றுவரை நாள்தோறும் வழங்குவது அது ஒன்றுதான்.

கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "ஏலே சோணை, மிச்சத்த எங்கல மறைச்ச, கோவணத்துலயா?" இன்னொருவன், "பொன்னு பல்லுல ஒட்டியிருக்கும், வாயத் தொறக்கச் சொல்லுங்க" என்றான். திறக்கச் சொன்னேன். மாடு வாங்க வந்தவர் மாட்டின் வாயைப் பார்ப்பதுபோல் நால்வர் குனிந்து பார்த்தார்கள். பேச்சியம்மாள் அப்போது பத்து வயதுப் பெண். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தச் செம்பை என் காலால் தட்டிவிட்டேன். தண்ணீர் சரளையில் விழுந்த இடம் உடனே காய்ந்தது. நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். "அப்பா, அவுக ஏன் முட்டி போட்டிருக்காக?" என்று கேட்டாய். உன் வாயில் நான் விரல் வைத்துச் சொன்னேன்: "அவுக என்று சொல்லாதே. அவன் என்று சொல்." நீ திருப்பிச் சொன்னாய். ஊர் மறுபடியும் சிரித்தது. பொழுது சாய்ந்துதான் கட்டை அவிழ்த்தோம். அவரால் எழ முடியவில்லை. அன்று தொட்டு அவருடைய வலக்கால் நேராகவே நீளும், மடங்காது. கால் மடங்காதவனுக்குக் கரிசல்காட்டில் என்ன வேலை உண்டு? ஆடு மேய்த்தார். அதையும் 'காசுவெட்டி ஆடு' என்றார்கள்.

இதுவரை நான் சொன்னதை, பழைய காலத்து ஆண்டையின் வெறி என்று சொல்லி நீ கடந்துவிடலாம். அடுத்துச் சொல்வதைக் கடக்க முடியாது. ஆறாண்டு கழித்துச் சென்னையில் ஒரு தமிழ் மாநாட்டுக்குப் போனேன். பேச்சுக்கு முன்னால் நேரம் இருந்தது, அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பேழைக்குள் உரோமைப் பொற்காசுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பேரரசனின் முகத்திலும் அதே வெட்டு. அங்கிருந்த அலுவலரைக் கேட்டேன். தென்னாட்டில் கிடைக்கும் உரோமைப் பொற்காசுகள் பலவற்றில் இப்படி வெட்டு உண்டு, அக்காலத்திலேயே போட்ட வெட்டு என்றார். ஏன் வெட்டினார்கள்? உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க வெட்டியிருக்கலாம். வேற்று மன்னனின் தலை இங்கே செல்லாது என்று காட்ட வெட்டியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அந்த நேர்மையாளர். அக்கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, ஒருக்களித்து, பேரரசன் முகத்துக்கு மேலாக.

அப்போது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? தொடர்வண்டி ஏறி ஊருக்கு ஓடிவந்தேனா? சோணையைத் தேடி ஆட்டுக்கிடைக்குப் போனேனா? அன்று மாலை மேடையேறி முழங்கினேன்: "மிளகுக்கும் முத்துக்கும் கையேந்தி வந்தது உரோமை! உலகை ஆண்டவனின் முகத்தை உலகமே வணங்கியபோது, அந்த முகத்தில் உளி வைத்தவன் தமிழன்!" ஐயம் தெரிவித்த அலுவலரின் சொல்லை உறுதியாக்கிப் பொய் சொன்னேன். அவை எழுந்து நின்று கைதட்டியது. ஊர் திரும்பிய மறுநாளே, நம் பெட்டியில் இருந்த காசை என்னோடு எடுத்துச் செல்லத் தொடங்கினேன். இருபதாண்டு, ஊர் ஊராக, இரு விரலிடையே உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். எந்த வெட்டுக்காக ஓர் ஏழையின் முழங்காலைச் சரளையில் தேய்த்தேனோ, அதே வெட்டைக் காட்டி மாலையும் பொன்னாடையும் வாங்கினேன். மூன்று முறை நம் ஊர்ப் பொட்டலிலேயே பேசினேன். கூட்டத்தின் ஓரத்தில் சோணை நின்று கேட்டார். உட்கார முடியாதவர் நின்றுதானே கேட்க வேண்டும்? வெட்டு பழையது என்று என் வாயாலேயே அவர் கேட்டார். கேட்டுவிட்டு, என் கண்ணை ஒருமுறை பார்த்தார். நான் அடுத்த வரிக்குத் தாவினேன்.

காசைப் பற்றி உனக்கு ஒன்று சொல்கிறேன். அக்காலத்தில் கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் பொன்வில்லை வைத்து, ஒரே சம்மட்டி அடியில் இரண்டு பக்கமும் பதித்தார்கள். அரசனின் மூக்கு எடுப்பாக எழுந்த அதே நொடியில், அதே அடியில்தான், தோற்றவனின் முதுகும் வளைந்தது. இரண்டையும் தனித்தனியே அடிக்க முடியாது. கடல் கடந்து வர முடியாத பேரரசன், தன் தலையை மட்டும் பொன்னில் பதித்து அனுப்பினான். அதைத் தொட்ட ஒவ்வொரு கையும், நிமிர்ந்திருப்பவன் யார், குனிந்திருப்பவன் யார் என்பதைத் தடவித் தடவிப் படித்தது. நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். உன் கையில் படை இல்லை. பஞ்சாலைப் பூங்கா வரப்போகிறது என்ற சேதியை வைத்து நிலம் வாங்கி விற்கும் தொழில் இருக்கிறது, பதாகை கட்ட ஆள் இருக்கிறார்கள், அப்பன் முகம் இருக்கிறது. மல்லாங்கிணற்றிலும் குமாரலிங்கபுரம் விலக்கிலும் இலைமாலையோடு நான் தொங்குகிறேன். என் முகத்தைப் பெரிதாக்கினால் உன் தோள் அகலமாகும் என்று எண்ணினாய். பரம்பரைப் பெருமை என்று நீ தூக்கிப் பிடிப்பதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை நான் உனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு குருடரின் விரல் கண்டுபிடித்ததை உன் கண் கண்டிருக்கும்.

உன் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்துக் காசுகளை உருக்கி அவளுக்குச் சங்கிலி செய்தேன். அவள் அதை ஒருநாளும் போடவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறை நான் வற்புறுத்தியபோது, "கழுத்துல ஏறாது. அந்த ஆளு இன்னும் இதுக்குள்ள மண்டி போட்டுத்தான் இருக்காரு" என்றாள். நான் அவளை அறைந்தேன். அறைந்த கையோடு அன்றைய கூட்டத்துக்குப் போய்ப் பெண்ணுரிமை பேசினேன். அவள் இறந்து நான்காண்டு ஆகிறது. போகும்போதும் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. அந்தச் சங்கிலியை உருக்கித்தான் வெள்ளிக்கிழமை நீ கட்டப்போகும் தாலியைச் செய்யச் சொல்லியிருக்கிறாய். 'அம்மா நினைவு' என்று அழைப்பிதழில் வேறு அச்சடித்திருக்கிறாய். நாளை அந்தப் பெண் உன்னைக் கேட்பாள்: இந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று. என்னைப்போல் நீயும் "உள்ளே போ" என்பாயா?

இப்போது பேச்சியம்மாள் ஞாயிறன்று கேட்டதைச் சொல்கிறேன். நான் பலகையில் எழுதினேன்: வந்து உன் அப்பாவின் காலில் விழுகிறேன். அவர் படித்தார். "வேண்டாங்கய்யா. நீங்க வந்து விழுந்தா அதப் பாக்கவும் ஊரு கூடும். அதுவும் ஒங்க மேடைதான். எங்க வாசல் சின்னது, தாங்காது" என்றார். நான் பேனாவை வைத்துவிட்டேன். நாற்பதாண்டு மேடையை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "வெள்ளிக்கெழம ஊரு பூரா மண்டபத்துல இருக்கும்ல. தாலி கட்டுறதுக்கு மின்னால மைக்குல ஒரு வரி சொல்லச் சொல்லுங்க. 'சோணை வெட்டல, வெட்டு பழசு.' அம்புட்டுதான். நானே எங்கப்பாவக் கூட்டிட்டு வாரேன். கண்ணுதான் போயிருச்சு, காது இருக்கு. கேட்டுட்டுச் சாப்புடாமப் போயிருவோம்."

இதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சொல்லத் தெரியும், குரல் இல்லை. குரல் இருந்த இருபத்தாறு ஆண்டும் நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் எனக்கு இரக்கம் காட்டாதே. நானும் உனக்குக் காட்டப்போவதில்லை. திருமணத்தில் பழைய கதை எதற்கு என்பாய். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பாய். தேர்தலில் நிற்க எண்ணியிருக்கிறாய், அதையும் சொல்லாமல் சொல்வாய். சோணை மண்டியிட்டபோது பேச்சியம்மாளின் வாழ்வைப் பற்றி எவரும் இப்படிக் கவலைப்படவில்லை. நீ அந்த வரியைச் சொல்லாவிட்டால், மணமேடையில் உன் அப்பனுக்குப் போட்ட நாற்காலி வெறுமையாக இருக்கும். இம்மடலோ ஒவ்வொரு பந்தி இலைக்கும் அருகில் இருக்கும்.

ஆகவே எழு. வெள்ளிக்கிழமை வரை காத்திராதே. இன்று செவ்வாய், பொழுது இன்னும் இருக்கிறது. பதாகைகளை அவிழ்க்கச் சொல். தட்டாரிடமிருந்து சங்கிலியைத் திரும்ப வாங்கு. அதையும், எஞ்சிய ஒற்றைக் காசையும் ஆட்சியரிடம் ஒப்படை. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் சோணையின் பெயரை எழுது. ஒளித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுது. தாலிக்கு மஞ்சள் கயிறு போதும்; உன் அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. உன் மேசைமேல் ஓர் உளி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு, காசு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போ. ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கி, அந்த வீட்டார் கண்முன்னே, என் கன்னத்தில் வெட்டு. கண்ணோரத்திலிருந்து தாடை வரை, ஆழமாக, பட்டறைக்காரர் நீக்கிய அதே இடத்தில். சோணையின் வாசலுக்கு மட்டும் போகாதே. அவர் அழைக்கும்வரை அங்கே கால் வைக்கும் தகுதி நம் இருவருக்கும் இல்லை.

அதற்கும் முன்னால் ஒன்று. இம்மடலை எவரோ உன் முன்னே உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். ஊர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாளை மடிக்காதே. கைபேசியை எடுக்காதே. வெள்ளிக்கிழமை ஒலிவாங்கியில் சொல்லவேண்டிய வரியை, நிற்கும் இடத்தில் நின்று, என் மேடைத் தமிழை விட்டுவிட்டு, அந்தப் பெண் சொன்ன சொற்களிலேயே, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி, இப்போதே சொல். உனக்குக் குரல் இருக்கிறது. வாயைத் திற, மகனே. சொல்.